துணி துவைத்த பம்பும் பத்து லிட்டர் பியரும்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை 5.20க்குப் பானையில் இருந்த பியர்ச் சாறு 42 டிகிரி. 5.34க்கு 20 டிகிரி. நடுவில் நான் செய்தது பெரும்பாலும் கரண்டியால் கிளறியதுதான். மீதி வேலையைச் செய்தது பழைய வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய ஒரு பம்ப். இந்தப் பதினான்கு நிமிடத்துக்கு வந்து சேர நான்கு மாதம் ஆனது. நடுவில் ஒருமுறை பம்பையே கெடுக்கப் பார்த்தேன், ஒருமுறை நான்கு கிலோ ஐஸை வீணாக்கினேன், ஒருமுறை எதிர் வீட்டு அண்ணனிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

முதலில் இடம் பற்றி. நான் இருப்பது சிங்கப்பூரில், நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில். இங்கே ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்த உபயோகத்துக்கு மட்டும், உரிமம் இல்லாமல் பியரோ ஒயினோ தயாரிக்கலாம். விற்கக்கூடாது. காய்ச்சி வடித்துச் சாராயமாக்கவும் கூடாது. ஊரில் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து ஆசைப்பட வேண்டாம், தமிழ்நாட்டில் 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. "பியர் காய்ச்சுகிறேன்" என்று அம்மாவிடம் போனில் சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை. அன்றிலிருந்து "பியர் போடுகிறேன்" என்று மாற்றிக்கொண்டேன்.

சிக்கல் இதுதான். மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் வோர்ட் என்ற இனிப்புச் சாறு கிடைக்கும். அதைச் சீக்கிரமாக 20 டிகிரிக்குக் கொண்டுவந்து ஈஸ்ட் போட வேண்டும். செப்புக் குழாயைச் சுருளாக வளைத்துப் பானைக்குள் இறக்கி, குழாய்த் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டால் ஆறிவிடும் என்று எல்லா வெள்ளைக்காரப் புத்தகங்களும் சொல்லும். அவர்கள் ஊரில் குழாயைத் திறந்தால் 10 டிகிரியில் தண்ணீர் வரும். என் வீட்டில் 29. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் 33, 34க்குக் கீழே இறங்காது. ஆகவே ஐஸ் தண்ணீரைச் சுருளுக்குள் சுற்றவிட வேண்டும், அதற்கு ஒரு பம்ப் வேண்டும்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் எங்கள் வாஷிங் மெஷினின் டிரம் பேரிங் போய்விட்டது. பழுது பார்க்கக் கேட்ட கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வரும். பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவதற்குள் பிளக்கைப் பிடுங்கி, முன்பக்கத்துக் கீழ்ப் பலகையைக் கழற்றினேன். ஃபில்டர் மூடிக்குப் பின்னால், மூன்று திருகில் உட்கார்ந்திருந்தது தண்ணீரை வெளியேற்றும் பம்ப். மேலே ஒட்டிய தாளில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 30 வாட், 0.2 ஆம்பியர். மல்டிமீட்டரில் காயில் 168 ஓம் காட்டியது. உயிரோடு இருக்கிறது. பம்ப் இல்லாத மெஷினுக்குக் காராங் குனிக்காரர் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார். பம்ப் எங்கே என்று கேட்கவே இல்லை.

உண்மையைச் சொன்னால், வோர்ட்டையே இந்த பம்பால் பானையிலிருந்து வாளிக்கு ஏற்றலாம் என்பதுதான் என் முதல் எண்ணம். பம்பின் முன்மூடியைத் திறந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. உள்ளே கறுப்பாகக் கூழ் போல ஏதோ. அதில் சுருண்ட தலைமுடி, நூல் பிசிறு, ஒரு சட்டைப் பித்தான், பச்சை ஏறிய இருபது காசு. முகர்ந்தால் சோப்பும் சாக்கடையும் கலந்த வாடை. இரண்டு நாள் வினிகரிலும் அப்புறம் வெந்நீரிலும் ஊறவைத்துத் தேய்த்தேன். பார்க்கச் சுத்தமானது, வாடை போகவில்லை. அந்த பிளாஸ்டிக்கும் ரப்பர் சீலும் உணவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல, வருடக்கணக்காகச் சலவைத்தூளில் ஊறியவை. குடிக்கிற எதுவும் இதைத் தொடக்கூடாது, ஐஸ் தண்ணீர் மட்டும்தான் என்று அன்றே முடிவு செய்தேன். செப்புச் சுருளுக்குள் ஓடும் தண்ணீர் வோர்ட்டைத் தொடாது. இதைப் படிக்கும் யாராவது வாஷிங் மெஷின் பம்பில் வோர்ட் ஓட்டலாமா என்று யோசித்தால், திறந்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். அது போதும்.

கழுவும்போதுதான் முதல் தப்பு நடந்தது. விசிறி இலையை விரலால் சுற்றினால் கிட்டத்தட்ட அரைச்சுற்றுக்கு லொடலொடவென்று சும்மா ஆடியது, அப்புறம்தான் காந்தம் பிடித்தது. கழன்றுவிட்டது என்று நினைத்து, இரண்டு குழல் எபாக்சியைக் கலந்து தண்டோடு சேர்த்து ஒட்டினேன். மறுநாள் ஒரு வாளித் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்த்தால் "ம்ம்ம்ம்" என்று ஒரு நடுக்கம், சுற்றவே இல்லை. அந்த ஆட்டம் பழுதல்ல, வேண்டுமென்றே வைத்தது. இந்த மோட்டாருக்குள் இருப்பது காந்த ரோட்டர்; மின்சாரம் வந்ததும் அது முதலில் எடை இல்லாமல் ஒரு உதறு உதறி வேகம் எடுக்க வேண்டும், அப்புறம்தான் விசிறியை இழுக்கும். எந்தப் பக்கம் சுற்றும் என்பதும் அதன் இஷ்டம்தான், ஒருமுறை இடம், ஒருமுறை வலம். இலைகள் நேராக இருப்பது அதனால்தான். ஒட்டிய எபாக்சியைச் சின்ன உளியாலும் ஊசியாலும் கொத்தி எடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

வேகத்தைக் குறைக்க மின்விசிறி ரெகுலேட்டர் போடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. நல்லவேளை செய்யவில்லை. இந்த மோட்டாரின் வேகம் 50 ஹெர்ட்ஸோடு கட்டிப்போட்டது. வோல்டைக் குறைத்தால் வேகம் குறையாது, ஒரு கட்டத்தில் நின்று முனகும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வெளிவரும் குழாயில் ஒரு வால்வு வைத்தால் போதும்.

அடுத்தது தண்ணீரே ஏறாத கட்டம். வாளி தரையில், பம்ப் அதன் பக்கத்தில், பானை 85 சென்டிமீட்டர் உயர மேடையில். பம்ப் கடகடவென்று சத்தம் போட்டதே தவிர, குழாயில் ஒரு சொட்டு இல்லை. இது தானாகத் தண்ணீரை உறிஞ்சாது. மெஷினுக்குள் டிரம்முக்கு அடியில் இருந்து பழகியது, எப்போதும் அதன் வாய் வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். 14 லிட்டர் வாளியின் அடிப்பக்கம் துளை போட்டு, ரப்பர் வாஷரோடு தொட்டிக்குப் போடும் இணைப்பு ஒன்றை மாட்டினேன். வாளியைப் பிளாஸ்டிக் முக்காலி மேல் தூக்கி வைத்தேன், பம்ப் அதற்குக் கீழே. அப்போதும் காற்று அடைத்துக்கொண்டது. பம்பின் வெளிவாய் பக்கவாட்டில் இருந்தது. அதை மேல்நோக்கித் திருப்பியதும் "குளுக்" என்று காற்று வெளியேறி தண்ணீர் பாய்ந்தது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம்.

ஓட்டத்தை அளக்க ஒரு லிட்டர் ஜாடியும் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சும். என்னிடம் ஏற்கெனவே இருந்த சுருள் 3/8 அங்குலச் செப்புக் குழாய், ஏழரை மீட்டர் நீளம். குழாய் அழுத்தத்தில் அது பிரச்சினையே இல்லை. இந்த பம்பின் பலத்துக்கு அது சந்து. முதல் அளவில் ஒரு லிட்டர் நிரம்ப 41 விநாடி. ரப்பர் குழாய்களைப் பாதியாக வெட்டி, இடையில் இருந்த 8 மில்லிமீட்டர் இணைப்பைத் தூக்கிவிட்டு, திரும்பி வரும் குழாயின் முனையை வாளித் தண்ணீருக்குள் மூழ்கும்படி விட்டேன். இறங்கும் தண்ணீரே ஏறும் தண்ணீரை இழுக்கும். அதே உயரத்தில் முனையைப் பிடித்து மறுபடி அளந்தபோது 24 விநாடி, அதாவது நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர். அதற்கு மேல் வரவில்லை.

இந்த நிலையில்தான் எதிர் வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். முப்பது வருடம் மின்பணி செய்து ஓய்வு பெற்றவர், உரிமம் உள்ளவர். பம்ப் முனைகளில் நான் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"தம்பி, மோட்டார்ல கரண்டு கசிஞ்சா அந்தத் தண்ணிக்குள்ள போகும். அந்தத் தண்ணி எங்க போகுது?"

"சுருளுக்குள்ள, அண்ணே."

"சுருள் எங்க இருக்கு?"

"பானைக்குள்ள."

"இரும்புக் கரண்டிய வெச்சிப் பானையக் கிளறுறது யாரு?"

அதுவரை நான் பயந்ததெல்லாம் வாளிப் பக்கம்தான். வாளியில் கை வைக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். மெஷினுக்குள் இருந்தவரை இந்த பம்பைச் சுற்றி ஒரு முழு உடம்பே இருந்தது: எர்த் செய்த தகரப் பெட்டி, கதவுப் பூட்டு, மனிதக் கை தொட முடியாத இடம். நான் வெளியே எடுத்தது பம்பை மட்டும். அதைக் காத்த எதையும் எடுத்துவரவில்லை.

அவர் சொன்னபடி, அவர் கையாலேயே செய்தவை இவை. மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியைக் கொண்டுவந்து 500 வோல்டில் காயிலுக்கும் உலோக உடம்புக்கும் நடுவே சோதித்தார். 200 மெகாஓமுக்கு மேல் காட்டியது. கீழே இருந்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். புதிய மூன்று கம்பி கேபிள், முனைகளுக்கு முழு உறை போட்ட இணைப்பு. பம்பை ஏழு லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திருகிப் பொருத்தி, கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட். டப்பாவின் அடியில் நான்கு துளை, உள்ளே கசிந்தால் தேங்காமல் வெளியே வர. டப்பாவுக்கு அடியில் இரண்டு மரத்துண்டு, தரை ஈரம் தொடாமல். கேபிளை நேராகச் சுவிட்சுக்கு இழுக்காமல் ஒரு தொங்கல் விட்டுக் கொண்டுபோனார், வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பிளக்குக்குள் இருந்த 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போட்டார். எர்த் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து, செப்புச் சுருளின் வெளிமுனையில் கிளாம்ப் போட்டு இறுக்கினார். கடைசியாக, சுவரில் செருகும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பு அடாப்டர் ஒன்றை வாங்கிவரச் சொன்னார்.

"வீட்டு டிபி பெட்டியில்தான் ஆர்சிசிபி இருக்கிறதே அண்ணே" என்றேன். மின்கசிவு வந்தால் வீட்டு மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்ச் அது. "கடைசியா எப்ப டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாத்த?" என்றார். போய் அமுக்கினேன். டப்பென்று விழுந்தது, நல்லது. வைஃபையும் சேர்ந்து விழுந்ததில் என் பையனின் ஆன்லைன் வகுப்பும் போனது. நீங்களும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், வீட்டில் சொல்லிவிட்டு.

முதல் உண்மையான சோதனை மார்ச் கடைசியில், பத்தரை லிட்டர் வோர்ட்டோடு. அடுப்பை அணைத்த கையோடு, 98 டிகிரியிலேயே பம்பைப் போட்டுவிட்டேன். வாளியில் எட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரும் கடையில் வாங்கிய நான்கு கிலோ ஐஸும். இங்கே இரண்டு முட்டாள்தனம். ஒன்று, 29 டிகிரித் தண்ணீரில் கொட்டியதுமே பம்ப் போடும் முன்பே முக்கால்வாசி ஐஸ் கரைந்துவிட்டது. இரண்டு, கொதிக்கும் வோர்ட்டுக்குள் காலியாக இருந்த சுருளில் தண்ணீர் நுழைந்ததும் திரும்பும் குழாயிலிருந்து ஆவியும் வெந்நீரும் சீறிக்கொண்டு வந்தன. முனையை நான் கட்டி வைக்கவில்லை, குழாய் பாம்பு மாதிரி துள்ளியது. கையில் பட்டிருந்தால் தோல் உரிந்திருக்கும். வாளி 34 டிகிரி, வோர்ட் 48 டிகிரி, ஐஸ் சுத்தமாக இல்லை. பத்தொன்பதாவது நிமிடத்தில் பம்பும் நின்றது.

எரிந்துவிட்டது என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து வெப்பமானியைக் காட்டினால் மோட்டார் உடம்பு 90ஐத் தாண்டியிருந்தது. உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. மெஷினில் இது ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஓடும், அவ்வளவுதான். நான் மூடிய டப்பாவுக்குள் வைத்து, தண்ணீரும் சூடாகிக்கொண்டே போக, இருபது நிமிடம் ஓட்டியிருக்கிறேன். அரை மணி ஆறியபின் தானாகவே உயிர் வந்தது. அன்றைய வோர்ட்டை மூடிவைத்து விடியும்வரை ஆறவிட்டு, மறுநாள் ஃபிரிட்ஜில் வைத்து ஈஸ்ட் போட்டேன். பியர் கெடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் பலர் கொதிக்கும் வோர்ட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் கேனில் அடைத்து அப்படியேதான் ஆறவிடுகிறார்கள். இந்த பம்ப் விவகாரமே வேண்டாம் என்பவர்களுக்கு அது நல்ல வழி. நார்வேயின் குவெய்க் ஈஸ்ட் 35 டிகிரியிலும் நன்றாக வேலை செய்யும், அதைப் போட்டால் ஐஸே வேண்டாம். எனக்கு அதில் வரும் ஆரஞ்சு வாசம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன ஞாயிறு செய்தது இப்படி. டப்பாவின் மூடியை எடுத்துவிட்டு, மேலே தண்ணீர் சொட்டாமல் ஒரு சாய்ந்த பலகை மட்டும் வைத்தேன், காற்று இரண்டு பக்கமும் போகும். முந்தைய இரவே ஆறு லிட்டர் தண்ணீர் ஃபிரிட்ஜுக்குப் போனது. கொதியின் கடைசிப் பதினைந்து நிமிடம் சுருளைப் பானைக்குள் இறக்கினேன், அதற்குமேல் கிருமிநீக்கம் தேவையில்லை. சுருளின் இரண்டு முனைகளிலும் உள்ள கிளாம்ப் இணைப்புகள் பானையின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்குகின்றன. கசிந்தால் தரையில்தான் சொட்டும். 98லிருந்து 42 வரை வெறும் குழாய்த் தண்ணீர், பம்ப் இல்லை, திரும்பும் முனை தொட்டிக் குழாயோடு கயிற்றால் கட்டப்பட்டது. பதினாறு நிமிடம். முதலில் வந்த வெந்நீரில் பாத்திரம் கழுவினேன், மீதியை வாளிகளில் பிடித்து மனைவி தாழ்வாரம் துடைத்தாள். அப்புறம் குழாயை மாற்றி, ஃபிரிட்ஜ் தண்ணீரோடு மூன்று கிலோ ஐஸ், பம்ப். நிறுத்தும்போது வாளியில் இன்னும் கொஞ்சம் ஐஸ் மிதந்தது. மோட்டார் உடம்பு 61 டிகிரி. வாளியில் ஐஸ் தள்ளவோ குழாயைத் தொடவோ வேண்டியிருந்தால், முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு முறை.

கிளறுவது முக்கியம். நடுவில் மூன்று நிமிடம் போன் வந்ததில் நிறுத்தியபோது வெப்பமானி கிட்டத்தட்ட நகரவே இல்லை. சுருளைச் சுற்றியுள்ள வோர்ட் குளிர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

செலவு: சிலிக்கான் குழாய் மூன்று மீட்டர் 9 வெள்ளி, கிளாம்புகள் 4, வாளி இணைப்பு 3.50, டப்பா 5.90, சிம் லிம் டவரில் கிளாண்ட் 2, ஃபியூஸ் 1, கசிவுக் காப்பு அடாப்டர் 32. மொத்தம் 57 வெள்ளி 40 காசு. கேபிளும் கூலியும் அண்ணன் கணக்கில், அவருக்கு ஆறு பாட்டில் பாக்கி. இலவச பம்ப் என்றுதான் ஆரம்பித்தேன். 12 வோல்ட் டிசி பம்ப் ஒன்று, அடாப்டரோடு சேர்த்து, 25 வெள்ளிக்குக் கிடைக்கிறது; 230 வோல்ட் தண்ணீர் பக்கமே வராது, அடாப்டர் சுவரோடு நின்றுவிடும். இதை அண்ணன் முதல் நாளே சொன்னார். பழைய பம்பை ஓட்டிக் காட்டியே தீருவேன் என்ற என் வீம்புக்குத்தான் இந்த அதிகச் செலவு.

12 வோல்ட் பம்ப் ஆர்டர் போட்டாயிற்று. மூன்று மீட்டர் உயரம் ஏற்றும் என்று விளம்பரம் சொல்கிறது, அதே ஒரு லிட்டர் ஜாடியை வைத்துப் பார்க்க வேண்டும். அரை அங்குலச் சுருளும் வாங்க வேண்டும், 3/8இன் சந்துதான் இப்போது எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. வாளிக்குப் பதில் மீன்காரர்கள் வைக்கும் தெர்மக்கோல் பெட்டி கிடைத்தால் ஐஸ் இரண்டு கிலோவோடு முடியலாம். வாஷிங் மெஷின் பம்பைக் காயவைத்து, கேபிளை வெட்டி எடுத்துவிட்டேன், பையன் எங்கேயாவது செருகிப் பார்த்துவிடக் கூடாது. வோர்ட் இப்போது பழைய சின்ன ஃபிரிட்ஜில் 19 டிகிரியில் நுரைத்துக்கொண்டிருக்கிறது. ஆரம்ப அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்தால்) 1.048. மார்ச் வோர்ட்டும் அதே அடர்த்தியில்தான் ஆரம்பித்தது, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்தபின் 1.011இல் வந்து நின்றது.